மூக்கில் குழாய் மட்டும்தானா... நுரையீரல் மருந்தை ஏன் உடனே போடவில்லை?

பேட்டையிலிருந்து ஒரு வாசகி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். மருமகளுக்கு 30-வது வாரத்திலேயே பிரசவம். "பிள்ள மூக்குல குழாய மாட்டி வச்சிருக்காவ. நுரையீரலுக்கு ஏதோ மருந்து இருக்காம்லா, அதப் பொறந்த உடனே போட்டா என்னம்மா? மூச்சு வாங்கட்டும்னு பாத்துக்கிட்டு இருக்காவளே..."

அவர் கேட்பது சர்ஃபேக்டன்ட் பற்றி. மூச்சை வெளியே விடும்போது நுரையீரலின் காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பொருள். ஈரமான பிளாஸ்டிக் கவர் ஒட்டிக்கொண்டால் பிரிக்க என்ன பாடு படுகிறோம்? குறைமாதக் குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும் அந்தப் பாடுதான். கருவில் 34, 35 வாரம் ஆகும்போதுதான் இது போதுமான அளவு சுரக்கும். 1963-ல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து இந்தப் பிரச்னையால் இரண்டே நாளில் இறந்தான். அதிபர் வீட்டுக்கே அன்று மருந்து இல்லை! 1980-ல்தான் ஜப்பான் டாக்டர் புஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து தயாரித்த சர்ஃபேக்டன்ட்டைக் கொடுத்துப் பலன் கண்டதை வெளியிட்டார்.

பிறகு வந்த ஆய்வுகள், அந்த வாசகி சொன்னதைத்தான் சொன்னன: மூச்சுத்திணறல் வரும்வரை காத்திருக்காதே, பிறந்ததுமே போடு. ஆனால், இதை ஊசியாகப் போட முடியாது. மூச்சுக்குழலுக்குள் குழாய் செலுத்தி ஊற்ற வேண்டும். பல நேரம் வென்டிலேட்டரும் வேண்டியிருக்கும். இரண்டுமே பிஞ்சு நுரையீரலைக் காயப்படுத்தலாம். இதற்கிடையே, மூக்கு வழியாக லேசான அழுத்தத்தில் காற்று செலுத்தி காற்றுப்பைகளைத் திறந்தே வைத்திருக்கும் 'சிபாப்' பரவலானது. வாசகி பார்த்த குழாய் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். 2012-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு பழைய முடிவைத் திருப்பிப் போட்டது. முதலில் சிபாப், தேவைப்பட்டால் மட்டும் மருந்து என்ற வழியில்தான் இறப்பும் நீடித்த நுரையீரல் பாதிப்பும் குறைவு.

அதற்காகக் குழந்தை களைத்துப்போகும்வரை விடுவதில்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம். சிபாப் வைத்தும் 30 சதவீதத்துக்கு மேல் தேவைப்பட்டால் சர்ஃபேக்டன்ட் கொடுக்கலாம் என்கின்றன ஐரோப்பிய வழிகாட்டுதல்கள். கொடுப்பதென்றால் சீக்கிரம் கொடுப்பதே நல்லது. பிறந்தவுடனே வென்டிலேட்டர் தேவைப்படும் குழந்தைக்கு அப்போதே கொடுத்துவிடுவார்கள். எனவே, டாக்டரிடம் "ஏன் போடல?" என்பதைவிட, "ஆக்ஸிஜன் எத்தனை சதவீதத்துல ஓடுது, கூடுதா குறையுதா, எவ்வளவு போனா மருந்து போடுவீங்க?" என்று கேளுங்கள். தயங்க வேண்டாம்.

உண்மையான முன்தடுப்பு, பிரசவத்துக்கு முன்பே அம்மாவுக்குப் போடும் டெக்ஸாமெத்தசோன் ஊசி. 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவ வலி வந்தால், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசிகள். குழந்தையின் நுரையீரல் வேகமாக முதிரும். சில ரூபாய் மருந்துதான். ஆனால் பிரசவத்துக்கு முன் போடும் அவகாசம் கிடைக்க வேண்டுமே! பேட்டையிலிருந்து ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு டவுன், ஜங்ஷன் தாண்டி, ஆற்றுப் பாலமும் கடக்க வேண்டும். 'பொய் வலியா இருக்கும், விடியட்டும்' என்று ராத்திரியைக் கடத்தினால் அந்த அவகாசம் போய்விடும். 108-ஐ அழையுங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே கிராம சுகாதார செவிலியர் முதல் ஊசியைப் போடலாம் என்கிறது மத்திய அரசின் 2014 வழிகாட்டுதல். அப்படிப் போட்டால், போட்ட நேரத்தைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஊசி எப்போது என்பதை அடுத்த ஆஸ்பத்திரி அதைப் பார்த்துத்தான் கணக்குப் போடும்.