காகித ஆலையிலும் ஒரு தறி

இந்த மலரைப் புரட்டும் நண்பர்களே, உங்கள் கையிலுள்ள தாள் ஒரு துணியின்மேல் பிறந்தது என்றால் நம்புவீர்களா? நானும் முதலில் நம்பவில்லை.

காகித இயந்திரத்துக்குள் வரும் கூழில் 100-க்கு 99 பங்கு தண்ணீர்தான். ஓடிக்கொண்டே இருக்கும் வலைத்துணியின்மேல் அது விழுகிறது. நீர் கீழே வடிய, நார் மேலே தங்குகிறது. அடுத்து, கம்பளம் போன்ற ஃபெல்ட்டோடு உருளைகளுக்கிடையே பிழியப்படுகிறது. மிச்ச ஈரத்தை நீராவி உருளைகள் போக்குகின்றன. அங்கும் தாளை அணைத்துப் பிடிக்க ஒரு துணி உண்டு. வலையில் வடியாத ஒவ்வொரு சொட்டும் நீராவிச் செலவுதான்.

1799-இல் பிரான்சு நாட்டு லூயி நிக்கோலா ராபர்ட் இவ்வியந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். நெடுங்காலம் உலோகக் கம்பிதான் வலை. பின்னர் பாலியெஸ்டர் இழை வந்தது. கம்பளி ஃபெல்ட்டின் இடத்தை நைலான் பிடித்தது. 1984-இல் உற்பத்தி தொடங்கிய நம் காகிதபுரம் ஆலை கரும்புச் சக்கையை நம்பி எழுந்தது. சக்கைக் கூழோ எளிதில் நீரை விடாது. வலைக்கண் சிறுத்தால் அடைக்கும். பெருத்தால் நார் ஒழுகும். இதற்காகவே மேலே மெல்லிழையும் கீழே பருத்த இழையுமாக அடுக்கடுக்காய் நெய்யும் முறை உலகில் வளர்ந்தது.

என் தந்தையார் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்பவர். இந்த வலையின் இரு முனைகளையும் வளையமாக இணைக்க, பாவிழைகளை ஒவ்வொன்றாகக் கோத்து மீண்டும் நெய்ய வேண்டும். இணைப்பு தடித்தால் தாளில் தழும்பு விழும். இதைச் சொன்னதும், "நம்ம பிட்னி வேலைதானேடா!" என்றார். சேலையின் உடலையும் முந்தானையையும் இழைக்கு இழை சேர்ப்பதே பிட்னி.

என் அண்ணன் தறியை விட்டு ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. அட்டைப்பெட்டியில் உதிரிபாகம் அடுக்குகிறான். அந்தக் கைகளுக்கு வேறு வேலையே கிடையாதா? பரிதாபாத்திலும் ஜெய்ப்பூரிலும் காகித ஆலைத் துணி நெய்கிறார்கள். தொழில்நுட்ப ஜவுளிக்கென 2020-இல் நடுவண் அரசு 1,480 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. கார் தொழிற்சாலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பாதையில், காஞ்சி நெசவாளர் பிள்ளைகளுக்கு இத்தொழிலில் ஒரு பயிற்சிக்கூடம் வேண்டும் என்பதே என் வாதம்.

அகன்ற விசைத்தறியும், வெப்பத்தில் இழுத்துப் பதப்படுத்தும் முறையும் கைத்தறியாளருக்குத் தெரியாதே என்பீர்கள். உண்மைதான், அவற்றைக் கற்பித்துவிடலாம். இழை எண்ணும் கண்ணை அவர்கள் வீட்டிலிருந்தே கொண்டு வருவார்கள். முதலில் ஒரு கொட்டகை, இணைப்புத் தறி ஒன்று, பூதக்கண்ணாடிகள் சில, பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகை. கேட்பது இவ்வளவுதான்.

— இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)