நடுவரைத் தேர்வது யார்?

முறைமன்றத்தில் (நீதிமன்றத்தில்) நடுவராக அமர்ந்திருப்பவர் யார் என்று கேட்பார் பலர். அவரை அங்கே அமர்த்தியவர் யார் என்று கேட்பார் மிகச் சிலர். இரண்டாவது கேள்வியே முதன்மையானது. துலாக்கோலின் நேர்மையை அறிய வேண்டுமாயின், அக்கோலைப் பிடித்திருக்கும் கையை மட்டுமன்று, அக்கையில் கோலைக் கொடுத்த கையையும் பார்த்தல் வேண்டும்.

இக்கேள்வியை என்னிடம் எழுப்பியவர் அரசியல் அறிஞர் அல்லர்; என்னிடம் பத்தாம் வகுப்பு வரை தமிழ் பயின்ற ஒரு தொழிலாளி. திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடையே ஒருகால் நெல் விளைந்த நிலங்களில் இன்று உந்துகளும் (கார்களும்) பேசிகளும் விளைகின்றன. அவருடைய தந்தையார் உழுத நிலமும் அவற்றுள் ஒன்று. நிலம் போனபின் அவர் அப்பகுதித் தொழிலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் வேலையினின்றும் நீக்கப்பட்டார். தொழிலாளர் முறைமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தொழிலக உரிமையாளர் சென்னை உயர் முறைமன்றத்திற்குப் போனார். அங்கிருந்து வந்த தீர்ப்பின் படியைக் கையில் எடுத்துக்கொண்டு, சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு வாயிலில் வந்து நின்றார்.

"ஐயா, இதைப் படித்துச் சொல்லுங்கள். நான் வென்றேனா, தோற்றேனா?"

இருபது பக்கத்திற்கு மேற்பட்ட ஆங்கிலம்! அவருடைய வாழ்க்கையைப் பற்றியது. அவருடைய பெயர் பக்கந்தோறும் வருவது. ஆயினும் அதில் ஒரு வரியையேனும் அவர் அறியார். நான் படித்துப் பொருள் சொன்னேன். வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை, வழக்கு மீண்டும் கீழ்மன்றத்திற்கே திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. சற்று நேரம் பேசாதிருந்தவர் பிறகு கேட்டார்:

"எங்கள் ஊராட்சித் தலைவரை நாங்கள் தேர்ந்தெடுக்கிறோம். சட்டமன்ற உறுப்பினரையும் தேர்ந்தெடுக்கிறோம். இந்த நடுவரை யார் ஐயா தேர்ந்தெடுத்தார்கள்? அமெரிக்காவில் மக்களே வாக்களித்து நடுவரைத் தேர்ந்தெடுக்கிறார்களாமே, மெய்தானா?"

மெய்தான். ஆனால் முழு மெய் அன்று. அவருக்கு அன்று நான் சொன்னதையே நம் அன்பர்களுக்கும் இங்கே விரித்துரைக்க விரும்புகின்றேன்.

அமெரிக்க ஒன்றிய நாட்டில் 50 மாநிலங்கள். ஒவ்வொன்றிற்கும் தனித்தனி உச்ச முறைமன்றம் உண்டு. நடுவண் உச்ச முறைமன்ற நடுவர்களைக் குடியரசுத் தலைவர் மேலவையின் இசைவோடு வாழ்நாள் முழுமைக்கும் அமர்த்துகின்றார். மாநில உச்ச முறைமன்றங்களிலோ நிலைமை வேறு. ஏறத்தாழ 38 மாநிலங்களில் ஏதேனும் ஒருவகையில் மக்கள் வாக்கு நடுவரைத் தேர்கின்றது, அல்லது காக்கின்றது. தெக்சாசு போன்ற மாநிலங்களில் நடுவராக விரும்புவோர் கட்சியின் பெயராலேயே போட்டியிடுகின்றனர். விசுகான்சின் போன்றவற்றில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இராது. மிசௌரி மாநிலம் 1940-இல் மூன்றாவது ஒரு வழியைக் கண்டது. அங்கே ஒரு குழு தகுதியுடைய மூவர் பெயரை முன்வைக்கும். ஆளுநர் ஒருவரை அமர்த்துவார். பிறகு அவர் நீடிக்கலாமா என்பதற்கு மட்டும் மக்கள் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று வாக்களிப்பர்.

இம்முறை தோன்றிய கரணியம் நன்றே. 1832-இல் மிசிசிப்பி மாநிலம் தன் நடுவர் அனைவரையும் மக்களே தேர்ந்தெடுக்கும் முறையை முதன்முதலாகக் கொண்டுவந்தது. ஆட்சியாளர் தமக்கு வேண்டியவரை முறைமன்றத்தில் அமர்த்திக்கொள்வதைத் தடுக்க வேண்டும் என்பதே அவ்வெண்ணத்தின் வேர். ஆயின், முன்வாயிலில் ஆட்சியாளரைத் தடுத்தவர்கள் பின்வாயிலில் பணக்காரரைத் தடுக்க மறந்தனர்.

மேற்கு வர்சீனியாவில் ஒரு சிறு நிலக்கரி வணிகர், மாசி என்னும் பெரிய நிலக்கரிக் குழுமத்தின்மீது வழக்குத் தொடுத்து, 2002-இல் 5 கோடி டாலர் இழப்பீட்டுத் தீர்ப்புப் பெற்றார். அவ்வழக்கு மாநில உச்ச முறைமன்றத்திற்குப் போகவிருந்த வேளையில், 2004-இல் அம்மன்றத்திற்குத் தேர்தல் வந்தது. மாசி குழுமத்தின் தலைவர் ஒரு வேட்பாளருக்காகத் தம் பணத்தில் 30 இலக்கம் டாலர் செலவிட்டார். அவ்வேட்பாளர் வென்றார், நடுவராக அமர்ந்தார், மாசி குழுமத்தின் வழக்கிலும் விலகாமல் அமர்ந்தார். மூவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக அந்த 5 கோடித் தீர்ப்பு முறிந்தது. மூவருள் ஒருவர் அவர்! 2009-இல் நடுவண் உச்ச முறைமன்றம் தலையிட்டு, அவர் அவ்வழக்கில் அமர்ந்தது தவறு என்று சொல்ல நேர்ந்தது. அதுவும் ஐவர் சொல்ல, நால்வர் மறுத்தனர்.

அண்மைச் செய்தியும் உண்டு. 2025 ஏப்பிரலில் விசுகான்சின் மாநிலத்தில் ஒரேயொரு நடுவர் இருக்கைக்கு நடந்த தேர்தலில் இருபுறத்தாரும் சேர்ந்து செலவிட்ட தொகை ஏறத்தாழ 10 கோடி டாலர். உலகப் பெருஞ்செல்வர் ஈலோன் மசுக்கும் அவரைச் சார்ந்த குழுக்களும் மட்டுமே 2 கோடி டாலருக்கு மேல் கொட்டினர். அவர் விரும்பிய வேட்பாளர் தோற்றார் என்பது வேறு. ஒரு நடுவர் இருக்கைக்கு விலை குறிக்கப்பட்டது என்பதே நாம் கருத வேண்டியது. அதே ஆண்டு சூனில் மெக்சிகோ நாடு தன் உச்ச முறைமன்ற நடுவர்களையும் மக்கள் வாக்கிற்கு விட்டது. வாக்களித்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேரே. பல நூறு பெயர்களுள் எவரை எதனால் தேர்வது என்று அறியாத மக்கள் வீட்டிலேயே இருந்துவிட்டனர்.

இனி நம் ஒரகடத்தை எண்ணிப் பாருங்கள். இங்கே நடுவர்க்குத் தேர்தல் வருமாயின் தட்டிகளுக்கும் ஊர்திகளுக்கும் பணம் கொடுக்கப் போகின்றவர் யார்? நிலமிழந்த உழவரா? வேலையிழந்த தொழிலாளியா? 2024 செப்டம்பரில் திருப்பெரும்புதூருக்கு அருகே சாம்சங் தொழிலாளர் ஒரு திங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்தம் தொழிற்சங்கப் பதிவு பற்றிய வழக்குச் சென்னை உயர் முறைமன்றம் வரை சென்றது. 2025 சனவரியில்தான் பதிவு கிடைத்தது. அத்தகைய வழக்கைக் கேட்கும் நடுவர், தொழிலகங்களின் பணத்தாலோ சங்கங்களின் வாக்காலோ வென்று வந்தவராயின், தோற்ற தரப்பார் அத்தீர்ப்பை முறை என்று ஏற்பரோ? மேலும், நடுவர் என்பார் சில வேளைகளில் ஊரே ஒருபுறம் நிற்க, ஒற்றை ஆளின் பக்கம் நின்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர். அடுத்த தேர்தலை எண்ணி நடுங்குபவரால் அது முடியாது. ஆகவே, வாக்குப் பெட்டி நடுவரைத் தேரும் வாயில் அன்று என்பதே என் கருத்து.

அப்படியாயின் நம் நாட்டில் உள்ள முறை நன்றா? அதுவும் அன்று!

அரசமைப்புச் சட்டத்தின் 124, 217-ஆம் பிரிவுகளின்படி உச்ச முறைமன்ற, உயர் முறைமன்ற நடுவர்களைக் குடியரசுத் தலைவர், தலைமை நடுவரைக் கலந்து அமர்த்துகின்றார். கலந்து என்னும் ஒரு சொல்லுக்குள் அரை நூற்றாண்டுப் போர் அடங்கியிருக்கின்றது. 1973-இல் மூத்த நடுவர் மூவரைத் தாண்டி இளையவர் ஒருவரைத் தில்லி அரசு தலைமை நடுவராக்கியது. 1977-இல் மீண்டும் மூத்தவர் ஒருவர் தாண்டப்பட்டார். அமர்த்தும் ஆற்றலில் அரசின் சொல்லே மேலானது என்று 1981-இல் உச்ச முறைமன்றம் கூறியது. நடுவர்களின் சொல்லே மேலானது என்று 1993-இல் அதே மன்றம் மாற்றிக் கூறியது. 1998 முதல் தலைமை நடுவரும் மூத்தவர் நால்வரும் கூடிய குழு உச்ச முறைமன்றத்திற்கும், தலைமை நடுவரும் மூத்தவர் இருவரும் கூடிய குழு உயர் முறைமன்றங்களுக்கும் பெயர்களை முடிவு செய்கின்றன. இதனையே 'கொலீசியம்' என்கின்றனர். 2014-இல் பாராளுமன்றம் அறுவர் கொண்ட ஆணையம் ஒன்றை அமைத்தது. 2015 அக்தோபரில் உச்ச முறைமன்றம் நால்வர்க்கு ஒருவர் என்னும் கணக்கில் அதனைத் தள்ளிவிட்டது.

இப்போர் முழுமையும் யாருக்கும் யாருக்கும் இடையே நடந்தது? தில்லி ஆட்சியாளர்க்கும் தில்லி நடுவர்க்கும் இடையே! சென்னை உயர் முறைமன்றத்தின் நடுவர் யார் என்பதில் தமிழ்நாட்டு அரசுக்குக் கருத்துரைக்கும் இடம் உண்டு. முடிவுரைக்கும் இடம் இல்லை. தமிழ் மக்களுக்கோ இரண்டும் இல்லை. உயர் முறைமன்றத் தலைமை நடுவர் வெளிமாநிலத்தவராக இருக்க வேண்டும் என்னும் கொள்கையை 1983-இல் நடுவணரசு வகுத்தது. தமிழ் அறியாத ஒருவர் தமிழரின் தலைமை நடுவராதல் அதனால் விலக்கன்று, வழக்கமே ஆயிற்று.

பணம் பேசும் வாயிலும் வேண்டா. பூட்டிய வாயிலும் வேண்டா. மூன்றாவது வாயில் உண்டோ? உண்டு. அதன் சுவடு ஒரகடத்திலிருந்து வாலாசாபாத்து வழியே தெற்கே சென்றால் உத்திரமேரூரில் கல்லில் கிடக்கின்றது. முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி அகவை 35-க்கு மேல் 70-க்குள் இருத்தல் வேண்டும். வரி செலுத்தும் நிலம் இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருத்தல் வேண்டும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் வருதல் கூடாது. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்று, அவருடைய நெருங்கிய உறவினரும் வருதல் கூடாது. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, எழுத்தறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து, ஐந்து விரலும் விரித்த கையில் வாங்கி, அவையோர் அனைவரும் கேட்கப் படித்தனர்.

இதனைப் பழம்பெருமையாகப் பேசித் திரிவது நம் வேலையன்று. அவ்வூர் பார்ப்பனர்க்குக் கொடுக்கப்பட்ட ஊர். ஆரிய மறை கற்றிருத்தலும் ஆங்கே ஒரு தகுதி. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. அவ்வாரியங்களும் ஏரி, தோட்டம், பொன் முதலியவற்றைக் காத்தவை. இற்றை முறைமன்றங்கள் போன்றவை அல்ல. குலத்தகுதியை நாம் குப்பையில் எறிவோம். ஆனால், தகுதி இன்னது, தகுதியின்மை இன்னது என்று முன்கூட்டியே கல்லில் வெட்டி ஊரறிய நிறுத்திய ஒழுங்கை எறியலாமா? கணக்குக் காட்டாதவனின் உறவினனையும் தள்ளிய கண்டிப்பை எறியலாமா? விரித்த கையில் ஓலை வாங்கிய அவ்வெளிப்படையை எறியலாமா? ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஏரிக்கரையைக் காப்பவனுக்கு இருந்த இவ்வளவு ஒழுங்கு, இன்று மாந்தர் உரிமையைக் காப்பவருக்கு இல்லையே!

திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்பதை 51-ஆம் அதிகாரமாகவும், 'செங்கோன்மை'யை 55-ஆம் அதிகாரமாகவும் வைத்தார். ஆளைத் தெளிந்தபின்னரே கோல் செங்கோலாகும் என்பது அவ்வரிசையிலேயே விளங்குமன்றோ?

எனவே நாம் கேட்க வேண்டுவன இவை. உயர் முறைமன்ற நடுவர்க்குரிய தகுதிகளும் தகுதிக் கேடுகளும் எழுத்தில் வகுக்கப்படல் வேண்டும். கருதப்படுவோர் பெயரும், அவர்க்கு மன்றத்திலுள்ள உறவினர் பெயரும், ஏற்றதற்கும் தள்ளியதற்கும் கரணியமும் மக்கள் அறிய வெளிவரல் வேண்டும். தேர்ந்தெடுக்கும் குழுவில் நடுவர்களோடு, இம்மாநிலத்தின் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒருங்கே ஏற்ற சான்றோர்க்கும் இடம் வேண்டும். அரசு கைவைத்தால் நடுவர் அடிமையாவார் என்று அஞ்சுவோர்க்கு இதுவே விடை: எவர் ஒருவர் கையும் மேலோங்காதபடி பலர் கண்முன் தேர்க.

எல்லாவற்றிற்கும் முதலாக, தமிழரின் வழக்கைக் கேட்பவர் தமிழறிந்தவராதல் வேண்டும். வழக்கும் தமிழில் நடத்தல் வேண்டும். இது புதுமையன்று. அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆம் பிரிவே இதற்கு இடம் தருகின்றது. இராசசுத்தான் 1950-லும், உத்தரப்பிரதேசம் 1969-லும், மத்தியப்பிரதேசம் 1971-லும், பீகார் 1972-லும் தத்தம் உயர் முறைமன்றத்தில் இந்திக்கு இசைவு பெற்றன. 2006-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தமிழுக்கு அதனையே கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. உச்ச முறைமன்றம் 2012-இல் இசைவு மறுத்தது. தமிழில் சட்டச் சொற்கள் இல்லை என்பர் சிலர். கீழ்மன்றங்களில் தமிழைக் கொண்டுவர 1976-லேயே சட்டம் செய்தோம்; அங்கே தமிழில் சான்று பதிவாகின்றது, தீர்ப்பும் எழுதப்படுகின்றது. கீழ்மன்றத்தில் உள்ள சொற்கள் மாடிப்படி ஏறும்போது உதிர்ந்துவிடுமோ?

அன்று என் மாணவர் எழுந்து போகும்போது, அத்தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "அடுத்த தீர்ப்பு வந்தாலும் உங்களிடந்தான் வரவேண்டும், ஐயா."

முப்பதாண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் எனக்கு, இதைவிடப் பெரிய தோல்வி வேறில்லை. நான் அவருக்குத் தமிழைக் கற்பித்தேன். அவர் பெயரால் எழுதப்பட்ட தீர்ப்பை அத்தமிழால் அவர் படிக்க முடியவில்லை. அவர் மகன் காலத்திலேனும் தன் தீர்ப்பைத் தானே படிக்கவும், தன் நடுவர் எவ்வாறு வந்தார் என்பதைத் தானே அறியவும் வேண்டும். அதற்கு நாம் இன்றே வாய் திறத்தல் வேண்டும். கேளாத மக்களுக்கு எந்த மன்றமும் முறை செய்ததில்லை.