சுவரில் பூஞ்சணம், பிள்ளைக்கு இழுப்பு: இரத்தம் சோதித்தால் போதுமா?

 

ஒக்டோபர் பிறந்தால் பதுளை மாவட்டத்தில் வெயிலை நம்பி உடுப்புக் கழுவ முடியாது. இடைப்பருவ மழை, அதன் பின் வடகீழ்ப் பருவமழை என்று ஜனவரி வரைக்கும் ஈரந்தான். ஹாலிஎல, பசறை, லுணுகலை, நமுனுகுலை, பண்டாரவளை என்று எந்தப் பக்கம் போனாலும் பழைய வீடுகளின் சுவர் அடியில் கறுத்திருக்கும். அலுமாரியைத் திறந்தால் புழுங்கல் வாடை வரும். பெருநாளைக்கென்று மடித்து வைத்த உடுப்பில் சாம்பல் நிறப் புள்ளிகள் இருக்கும். இதுதான் பூஞ்சணம். பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் பங்கசு என்று படிப்பதும் இந்த இனத்தைத்தான்.

இந்த மாதங்களில்தான் பிள்ளைகளை ஓதிப் பார்க்கக் கொண்டுவருகிறவர்களும் அதிகம். "ஹஸ்ரத், இரவானால் இருமல், விடிய விடிய இழுப்பு" என்பார்கள். ஓதி, துஆச் செய்து, "டொக்டரிடம் காட்டினீர்களா?" என்றும் கேட்பேன். அண்மைக் காலமாக அவர்களிடமிருந்து ஒரு கேள்வி வருகிறது. "பூஞ்சண அலர்ஜியா என்று இரத்தத்தில் பார்க்கலாமாமே! அதைச் செய்தால் வருத்தத்தின் காரணம் தெரிந்துவிடுமா?"

நான் வைத்தியனல்லன், ஓதிக் கொடுக்கிறவன். ஆனால் நோய்க்கு மருந்து தேடுவது மார்க்கம் காட்டிய வழி. கைச் சல்லியை எதற்குச் செலவிடுகிறோம் என்று அறிந்து செலவிடுவதும் கடமை. எனவே இந்தச் சோதனையைப் பற்றி விளங்கிக்கொண்டதை இம்மாதம் உங்களுக்குச் சொல்கிறேன்.

சோதனை என்றால் என்ன?

நோயை எதிர்க்கவென்று உடலில் பலவகைப் பிறபொருளெதிரிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் ஐ.ஜி.ஈ. 1966, 1967 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் பணியாற்றிய இஷிசாக்கா என்ற ஜப்பானியத் தம்பதியரும், சுவீடனில் ஜொஹான்சன், பென்னிச் ஆகியோரும் இதைத் தனித்தனியே கண்டறிந்தார்கள். சிலருடைய உடல் பூஞ்சண வித்து, தூசிப் பூச்சி, பூனை மயிர் போன்ற சாதாரணப் பொருள்களையும் எதிரியாக எண்ணி அவற்றுக்கென்று ஐ.ஜி.ஈ.யை உண்டாக்கிவிடுகிறது. மீண்டும் அந்தப் பொருள் மூக்கில் நுழையும்போது தும்மல், மூக்கொழுகல், கண்ணரிப்பு, இழுப்பு என்று கிளம்புகிறது. இதுதான் அலர்ஜி, ஒவ்வாமை என்றும் சொல்வோம்.

சோதனைக்குக் கை நாளத்திலிருந்து சில மில்லிலீற்றர் இரத்தம் எடுப்பார்கள். ஆய்வுகூடத்தில் அல்டர்னேரியா, கிளாடோஸ்போரியம், பெனிசிலியம், அஸ்பர்ஜிலஸ் முதலிய பூஞ்சணங்களின் சாரத்தோடு அதைச் சேர்த்து, எதற்கெதிரான ஐ.ஜி.ஈ. எவ்வளவு ஒட்டுகிறது என்று அளப்பார்கள். பொதுவாக 0.35 அலகுக்கு மேலிருந்தால் 'உண்டு' என்று ரிப்போட்டில் எழுதுவார்கள். சில ஆய்வுகூடங்கள் 0.10 இலிருந்தே கணக்கெடுக்கின்றன. சில ரிப்போட்டுகளில் 0 முதல் 6 வரை வகுப்புப் பிரித்தும் போடுவார்கள்.

தோலில் துளி விட்டு மெல்லக் குத்திப் பார்க்கும் சோதனையும் உண்டு. அதற்கு முன்பு பிரிட்டோன் போன்ற அலர்ஜிக் குளிசைகளைச் சில நாட்கள் நிறுத்த வேண்டும். இரத்தப் பரிசோதனைக்கு அப்படி நிறுத்தத் தேவையில்லை. வெறும் வயிற்றோடு போகவும் தேவையில்லை. பல ஊர்களில் தனியார் நிலையங்கள் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்புகின்றன. அரச தரப்பில் பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில், அதாவது எம்.ஆர்.ஐ.யில், இதற்கான பிரிவு இருக்கிறது. தேவையென்று கண்டால் டொக்டரே வழிகாட்டுவார்.

நோன்போடு இரத்தம் கொடுக்கலாமா என்று சில சகோதரிகள் கேட்கிறார்கள். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் இரத்தம் எடுப்பதால் நோன்பு முறிவதில்லை.

ரிப்போட் சொல்லாதவை

இனித்தான் கவனிக்க வேண்டிய விஷயம். இந்தச் சோதனை ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை சொல்கிறது: 'இந்தப் பொருளுக்கெதிராக இந்த உடல் ஐ.ஜி.ஈ.யை உண்டாக்கி வைத்திருக்கிறதா?' உங்கள் பிள்ளையின் இழுப்புக்கு அதுதான் காரணமா என்று அது சொல்வதில்லை.

முதலாவது, 'உண்டு' என்று வந்தவர்களெல்லாம் நோயாளிகளல்லர். ஐ.ஜி.ஈ. இருந்தும் ஒரு தும்மலும் இல்லாமல் வாழ்கிறவர்கள் அநேகர். எண் பெரிதாக இருந்தால் நோய் கடுமை என்றும் பொருளல்ல.

இரண்டாவது, 'இல்லை' என்று வந்தால் வீட்டு ஈரத்துக்கும் இருமலுக்கும் சம்பந்தமில்லை என்று முடிவு செய்யக் கூடாது. பூஞ்சணத்தில் ஆயிரமாயிரம் இனங்கள் இருக்க, சோதனையில் இருப்பவை சிலவே. அதன் சாரங்களும் ஒன்றுபோல் அமைவதில்லை. மேலும் அதே ஈரத்தில்தான் மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி பெருகுகிறது. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் அலர்ஜியை அதிகம் தூண்டுவது அதுதான். பூஞ்சணத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்க, குற்றவாளி இலவம் பஞ்சுத் தலையணைக்குள் இருக்கலாம். விறகடுப்புப் புகை அலர்ஜி இல்லாதவருக்கும் மூச்சை முட்ட வைக்கும். அது எந்த ஐ.ஜி.ஈ. ரிப்போட்டிலும் வராது.

மூன்றாவது, மொத்த ஐ.ஜி.ஈ. என்று ஒன்று உண்டு. அது உயர்ந்திருப்பதைக் கண்டு பயந்துவிடுகிறார்கள். குடற் புழு இருந்தாலும் அது ஏறும். தோட்டப் பகுதிக்குக் கொக்கிப் புழு பழைய பகை. 1916 ஆம் ஆண்டிலேயே ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு மாத்தளைத் தோட்டங்களில் அதற்கெதிரான இயக்கம் நடந்திருக்கிறது. வெறுங்காலோடு நடக்கும் பிள்ளையின் மொத்த ஐ.ஜி.ஈ. ஏறியிருந்தால் டொக்டர் புழுவையும் நினைத்துப் பார்ப்பார்.

நான்காவது, ஐ.ஜி.ஜி. என்று இன்னொரு சோதனை இருக்கிறது. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் மாறிப்போகும். நாம் ஒரு பொருளோடு பழகியிருக்கிறோம் என்பதைத்தான் அது காட்டும். வேறு சில நுரையீரல் நோய்களில் டொக்டர்மார் அதைக் கேட்பதுண்டு. அலர்ஜிக்கு அது சான்றல்ல.

சிலர் டொக்டரைக் காணாமலே இருபது முப்பது பொருள்களுக்கு ஒன்றாகச் சோதிக்கிறார்கள். அதில் முட்டைக்கும் பாலுக்கும் மீனுக்கும் சிறிய எண்கள் வந்துவிடும். உடனே வாப்பும்மா, "இனி முட்டை கொடுக்காதே, மீன் கொடுக்காதே" என்று தடை போடுவார். நேற்றுவரை ஒரு கோளாறுமின்றிச் சாப்பிட்ட பிள்ளை மெலியத் தொடங்கும். ஊவாவில் போஷாக்குக் குறைவே பெரிய துன்பமாக இருக்க, ஒரு தாளை நம்பி அதைக் கூட்டலாமா?

எப்போது சோதிக்க வேண்டும்?

அப்படியானால் சோதனை வீணா? இல்லை. ஒழுங்காக மருந்து எடுத்தும் ஆஸ்துமா அடங்காதபோது அது மிகவும் பயன்படும். ஆஸ்துமாக்காரர் சிலருக்கு அஸ்பர்ஜிலஸ் பூஞ்சணம் சுவாசக் குழாயிலேயே தங்கி ஒரு கடும் ஒவ்வாமை நோயை உண்டாக்கும். லண்டனில் 1952 இல் முதலில் விவரிக்கப்பட்ட இந்நோய், எக்ஸ்ரேயில் காசநோய் போலத் தோன்றும். நம் பகுதி நாடுகளில் காசநோயென்று எண்ணி மாதக்கணக்கில் மருந்து கொடுக்கப்பட்டவர்கள் உண்டு. அங்கே அஸ்பர்ஜிலஸ் ஐ.ஜி.ஈ.யும் மொத்த ஐ.ஜி.ஈ.யும்தான் வழிகாட்டுகின்றன. இந்தியாவின் சண்டிகர் மருத்துவ நிறுவனத்தார் இதில் உலகுக்கே வழிகாட்டும் அளவுக்கு ஆராய்ந்திருக்கிறார்கள். தோலெல்லாம் கரப்பன் உள்ளவர்களுக்கும், அலர்ஜிக் குளிசையை நிறுத்த முடியாதவர்களுக்கும் தோல் சோதனைக்குப் பதிலாக இரத்தச் சோதனை உதவும்.

ஆகவே சோதனைக்கு முன் ஒரு கொப்பி எடுங்கள். எந்த மாதம் கூடுகிறது, இரவா பகலா, எந்த அறையில், ஊருக்குப் போய் வேறு வீட்டில் தங்கினால் குறைகிறதா, ஜூலை ஆகஸ்டில் கச்சான் காற்றடித்துச் சுவர் காயும்போது எப்படி இருக்கிறது என்று குறித்து வையுங்கள். டொக்டரிடம் அதைக் காட்டுங்கள். ஒரு மாதக் குறிப்பை வைத்து அவர் அறிவது, ரிப்போட்டில் அறிவதைவிட அதிகமாக இருக்கலாம். ரிப்போட் அந்தக் குறிப்போடு பொருந்தினால்தான் அதற்கு அர்த்தம்.

வீட்டில் யார் என்ன தொழில் செய்கிறார் என்பதையும் சொல்லுங்கள். நம் நாட்டில் இது புதிய விஷயமல்ல. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் கஸ்டெல்லானி, தேயிலை ருசி பார்ப்போருக்கு வரும் இருமலுக்குத் தேயிலைத் தூசியோடு உட்செல்லும் பூஞ்சணத்தைக் காரணமாகச் சந்தேகித்தார். நம் நாட்டு நெஞ்சுநோய் நிபுணர் டொக்டர் சி.ஜி. உரகொட, தேயிலைத் தூசியால் வரும் ஆஸ்துமாவைப் பற்றி 1970 இல் எழுதினார். வீட்டுச் சுவரில் ஒரு புள்ளி இல்லாமலே தொழிற்சாலைத் தூசி காரணமாக இருக்கக்கூடும்.

சுவரைக் காய வையுங்கள்

இங்கிலாந்தில் ரோச்டேல் என்ற ஊரில், சூடானிலிருந்து போய்க் குடியேறிய முஸ்லிம் குடும்பமொன்றின் மகன் அவாப் இஸ்ஹாக், இரண்டு வயது நிரம்பிய சில நாட்களில், 2020 டிசம்பரில் வஃபாத்தானான். வீட்டில் பூஞ்சணம் என்று வாப்பா 2017 முதலே முறையிட்டிருந்தார். வீட்டு நிறுவனத்தார் மேலே பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். அந்தக் குடும்பத்தின் குளிக்கும் பழக்கத்தின் மீதும் பழி போட்டார்கள். அந்த வீட்டுப் பூஞ்சணத்தால் ஏற்பட்ட சுவாச நோயே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணையில் தீர்ப்பாயிற்று. 2023 இல் அங்கே வந்த சட்டம் அவன் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

இதில் நமக்குப் படிப்பினை இருக்கிறது. நம் வீடுகளிலும் பிள்ளைக்கு இழுப்பென்றால் முதற்பழி தாய்க்குத்தான். "தலைக்கு ஊற்றினாய், ஐஸ் வாங்கிக் கொடுத்தாய்" என்று மாமிமார் சொல்கிறார்கள். சுவரை ஒருவரும் ஏசுவதில்லை! உலக சுகாதார ஸ்தாபனம் 2009 இல் வெளியிட்ட வழிகாட்டி, ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் சுவாச வருத்தங்களும் கூடுகின்றன என்று சொல்கிறது. ரிப்போட்டில் எந்த எண் வந்தாலும் சுவர் காய வேண்டும்.

மழைக்கு முன் கூரை ஒழுக்கையும் அடைபட்ட பீலியையும் சரி செய்யுங்கள். சுவரோடு குவிந்த மண்ணை வெட்டி நீர் ஓட வழி விடுங்கள். அலுமாரியையும் கட்டிலையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். படுக்கையறைக்குள் ஈர உடுப்புக் காயப் போடாதீர்கள். வெயில் கண்ட நேரம் மெத்தை, தலையணை, தொழுகைப் பாய் எல்லாவற்றையும் வெளியே போடுங்கள். பூஞ்சணத்தைக் காய்ந்த தும்புத்தடியால் தட்டினால் வித்து அறையெல்லாம் பறக்கும். வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். இழுப்புள்ளவர் அந்த வேலையைச் செய்யவே கூடாது. ஈரச் சுவருக்குச் சுண்ணாம்போ பெயின்ட்டோ பூசுவது மறைப்பதாகுமே தவிர, தீர்ப்பதாகாது.

டொக்டர் கொடுத்த பம்ப்பை நிறுத்தாதீர்கள். குமர்ப்பிள்ளை பம்ப் பாவிக்கிறாள் என்று தெரிந்தால் மாப்பிள்ளை அமையாது என்று ஒளிக்கிறார்கள். ஒளித்த மருந்து உரிய நேரத்தில் கைக்கு வராது. நோன்பு நேரத்தில் பம்ப் பாவிப்பது பற்றி உலமாக்களிடையே இரு கருத்துண்டு. உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் மூச்சு முட்டும் வேளையில் தயங்க வேண்டாம். விட்ட நோன்பைப் பிறகு கழாச் செய்ய நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான். விலா எலும்பு உள்ளே இழுத்தாலோ, பேச்சு வராவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ ரிப்போட்டும் வேண்டாம், ஓதலுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். துஆவை வழியில் ஓதலாம்.

கடைசியாக ஒரு சொல். லயன் காம்பராவில் வாழ்கிறவருக்குக் கூரையும் சுவரும் சொந்தமில்லை. பழுதுபார்ப்பதற்கும் பிறரைத்தான் எதிர்பார்க்க வேண்டும். நம்மவர்கள் பலர் பதுளையிலும் பண்டாரவளையிலும் கடையும் வீடும் வாடகைக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சுவர்களுக்குள்ளும் பிள்ளைகள் தூங்குகிறார்கள். அடுத்த மாத வாடகை வாங்கப் போகும் உங்கள் கணவரிடமோ மகனிடமோ, அந்த வீட்டுக் கூரையையும் ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.