நியூ ஜெர்சி நாட்கள்: நடுராத்திரி வரிசை

நம்ம ஊர்ல வரிசைன்னா ரேஷன் கடை, இல்லேன்னா தலைவர் படத்துக்கு முதல் நாள் முதல் ஷோ. அமெரிக்காவுல அதுக்கு ஈடா ஒண்ணு உண்டுன்னா, வீடியோ கேம் கடை வாசல்ல நடுராத்திரி நிக்கிற கூட்டம்தான்.

ஏன் நடுராத்திரி? சரக்கு கடைக்கு முன்னாடியே வந்துடும். ஆனா கம்பெனி சொன்ன தேதிக்கு முன்னால விக்கக் கூடாது. தேதி மாறுறது 12 மணிக்கு. அவ்வளவுதான் சூட்சுமம். 2004 நவம்பர் 9 அன்று 'ஹேலோ 2' வெளியானபோது ஆயிரக்கணக்கான கடைகள் அந்த ராத்திரியில் திறந்தன. அமெரிக்கா, கனடாவில் மட்டும் முதல் நாள் வசூல் 12.5 கோடி டாலர். நம்மூர் தயாரிப்பாளர் கேட்டா மயக்கம் போட்டுடுவார் :-)

வரிசையில் காசைவிட நேரத்துக்குத்தான் மதிப்பு. ராத்திரி முழுக்க முழிச்சிருக்கத் தெரிஞ்ச மாணவன் முதல் ஆளா நிக்கலாம். 2006 நவம்பர் 17 அன்று பிளேஸ்டேஷன் 3 வந்தப்போ (விலை 499, 599 டாலர்) பல பேர் கூடாரம் போட்டுப் படுத்தது விளையாட இல்லீங்க, ஈபேயில் கூடுதல் விலைக்கு விற்க. கையில் பணத்தோட நிக்கிற கூட்டம்னு தெரிஞ்சு, கனெக்டிகட்டின் புட்னம் ஊரில் கொள்ளையர்கள் வந்தாங்க. பணம் தர மறுத்த ஒருவரைச் சுட்டே விட்டார்கள்.

அப்புறம் டவுன்லோட் வந்தது, வரிசை மெலிந்தது. 2025 ஜூன் 5 அன்று ஸ்விட்ச் 2 வந்ததும் கூட்டம் திரும்பியது. பெட்டியை டவுன்லோட் பண்ண முடியாதே! விலை 449.99 டாலர். நிண்டெண்டோ தன் இணையக் கடையில் யாருக்கு முன்னுரிமை தந்தது தெரியுமா? பழைய ஸ்விட்ச்சில் 50 மணி நேரமாவது ஆடி, 12 மாச ஆன்லைன் சந்தாவும் கட்டினவங்களுக்கு. பிளாக்கில் விற்பவனை ஒதுக்க நல்ல வழிதான். ஆனா 2024 ஆகஸ்டில் ரெண்டு சூட்கேஸோட வந்திறங்கினவன் அந்த 12 மாசத்துக்கு எங்கே போவான்?

"எனக்குப் பதிலா நின்னு வாங்கித் தா, 50 டாலர் தர்றேன்"னு என் ரூம்மேட்டை ஒருத்தர் கேட்டார். ஒரு வார மளிகைக் காசு! எஃப்-1 விசாவுல அனுமதியில்லாம வெளியே சம்பாதிச்சா வம்பாகுமோன்னு பயந்து வேண்டாம்னுட்டான். பயல் கையில் இருக்கிற ஒரே சொத்து நேரம். அதையும் விக்க முடியாது.

ஆனா தனக்காக நிக்கலாமே? நின்னான். நாலு மாசமா மிச்சம் பிடிச்ச காசு. கடைக்காரர் சந்தாவும் கேக்கலை, எத்தனை மணி நேரம் ஆடினேன்னும் கேக்கலை. எத்தனாவது ஆளுன்னு மட்டும் பார்த்தார்.

அதனால நடுராத்திரி கூட்டத்தைப் பாத்தா பைத்தியக்காரங்கன்னு சிரிச்சிடாதீங்க. சரி, அசைன்மெண்ட் காத்திருக்கு. அடுத்த வாரம் பார்க்கலாம்.