வாயு என்று வீட்டுக்கு அனுப்பாதீர்!

தூத்துக்குடி என்றாலே ஒரு காலத்தில் முத்துதான். அரசாங்கம் நடத்திய கடைசி முத்துக்குளிப்பு இந்தக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்தது. அதன் பிறகு சிப்பி போதிய அளவு விளையவில்லை, குளிப்பும் நின்றுபோயிற்று. ஆனால் அந்தத் தொழிலில் இருந்த ஓர் ஏற்பாட்டைக் கடற்கரைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

கல்லின் மேல் காலை வைத்துக்கொண்டு ஒருவர் கடலுக்குள் இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இறங்கியவர் உள்ளே தங்குவது ஏறக்குறைய ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷமும் மேலே நிற்பவர் வேறு பக்கம் திரும்பமாட்டார். கயிற்றைப் பிடிக்க மைத்துனரைத்தான் நிறுத்துவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. உடன்பிறந்தவளின் தாலி அல்லவா அந்தக் கயிற்றில் தொங்குகிறது!

உள்ளே போனவர் தாமாகக் கூவி உதவி கேட்க முடியாது. மேலே நிற்பவர்தான் பார்த்து இழுக்க வேண்டும். வேலை செய்யும் இடத்தில் ஒருவருக்கு மாரடைப்பு வரும்போதும் நிலைமை இதுதான். ஆனால் அங்கே கயிறு பிடிக்க ஆள் இருப்பதில்லை.

"ஒண்ணுமில்லடே!"

துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றி வந்த லாரி வரிசையிலோ, பஞ்சாலையின் இரவு ஷிப்டிலோ, உப்பளத்திலோ, ஏன், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கணக்கு எழுதும் ஆபீசிலோகூட இந்தக் காட்சி நடப்பதுதான்.

ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு மார்பைத் தடவுகிறார். வெயில் இல்லாத இடத்திலும் சட்டை நனைந்திருக்கிறது.

"என்ன அண்ணாச்சி, ஒரு மாதிரி இருக்கீய?" என்கிறான் பக்கத்தில் இருக்கும் பையன்.

"ஒண்ணுமில்லடே, வாய்வு பிடிச்சிருக்கு. ஒரு சோடா வாங்கிட்டு வா."

"ஆஸ்பத்திரிக்குப் போவோமா?"

"போடே, அரை நாள் கூலி போயிரும்."

சோடா வருகிறது. ஏப்பமும் வருகிறது. வலி கொஞ்சம் தணிந்தது போலத் தெரிகிறது. மேஸ்திரி நல்ல மனிதர். "வீட்டுக்குப் போய்ப் படும்" என்று அனுப்பி வைக்கிறார். அண்ணாச்சி தமது மோட்டார் சைக்கிளைத் தாமே உதைத்துக் கிளப்பிக்கொண்டு போகிறார். இத்தனை பேர் இருந்தும் ஒருவரும் தவறு செய்ததாக நினைக்கமாட்டார்கள். நடந்தது எல்லாமே தவறு!

மாரடைப்பு வந்தவரின் பேச்சை நம்பக் கூடாது. அவர் பொய் சொல்லவில்லை. பயம் அப்படிச் சொல்ல வைக்கிறது. "நமக்கா வரும்?" என்று மனம் சமாதானம் தேடுகிறது. கூலியும் மானமும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. நாலு பேர் முன்னால் தூக்கிக்கொண்டு போக, அப்புறம் அது வெறும் வாயு என்று டாக்டர் சொல்லிவிட்டால் என்ன ஆவது என்ற வெட்கம் பலரைக் கொன்றிருக்கிறது. ஆகையால் முடிவு செய்ய வேண்டியவர் அவர் அல்ல, பக்கத்தில் நிற்பவர்.

ஆறு மணி நேரம் எங்கே போயிற்று?

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ரத்தம் கட்டியாகி அடைத்துக்கொள்வதுதான் மாரடைப்பு. அடைப்புக்கு அப்பால் உள்ள தசை ரத்தம் கிடைக்காமல் சிறிது சிறிதாகச் சாகிறது. கட்டியைக் கரைக்க ஊசி மருந்து இருக்கிறது. குழாய்க்குள் கம்பி செலுத்தி அடைப்பை நீக்கும் முறையும் இருக்கிறது. இரண்டுமே முதல் சில மணி நேரத்தில் தருகிற பலனைப் பிறகு தருவதில்லை. செத்த தசை திரும்ப உயிர் பெறாது.

இந்தியாவில் 89 ஆஸ்பத்திரிகளில் சுமார் 20,000 இதய நோயாளிகளைக் கவனித்து எழுதிய ஓர் ஆராய்ச்சி 2008-ல் வெளியாயிற்று. கடுமையான மாரடைப்பு வந்தவர்கள் வலி தொடங்கியதிலிருந்து ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க எடுத்துக்கொண்ட நேரம் நடுத்தரக் கணக்கில் 360 நிமிஷம். அதாவது ஆறு மணி நேரம்! உள்ளே போன பிறகு கட்டியைக் கரைக்கும் ஊசி போட ஆன நேரம் 50 நிமிஷம்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்க வைத்தார்கள் என்று ஊரெல்லாம் குறை சொல்கிறோம். அதில் நியாயமும் இருக்கலாம். ஆனால் பெரிய தாமதம் ஆஸ்பத்திரிக்கு வெளியே அல்லவா நடக்கிறது? சோடாவுக்கும், சுக்குக் கஷாயத்துக்கும், "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்பதற்கும் போன மணிகள் அவை.

தமிழ்நாட்டில் இதற்கு ஏற்பாடு இல்லாமல் இல்லை. சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளுடன் இணைத்து மாரடைப்பு நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்யும் முறை ஒன்று இங்கே சோதிக்கப்பட்டது. 2,420 நோயாளிகளைப் பற்றிய அதன் முடிவு 2017-ல் அமெரிக்க மருத்துவப் பத்திரிகை ஒன்றில் வந்தது. ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6 என்பது 14.2 ஆகக் குறைந்திருந்தது. 2023-ல் 'இதயம் காப்போம்' என்ற திட்டத்தை மாநில அரசாங்கம் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும், மார்வலியோடு வருகிறவருக்கு முதல் வேளை மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது அதன் நோக்கம். தூத்துக்குடியில் 2000-ம் ஆண்டிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. எல்லாம் இருந்து என்ன? ஆள் போய்ச் சேர்ந்தால்தானே!

என்ன அடையாளம்?

மார்பின் நடுவில் பாரம் ஏற்றியது போல, கயிறு போட்டு இறுக்கியது போல ஒரு வேதனை. சில நிமிஷங்களுக்கு மேல் நீடிக்கும், அல்லது விட்டு விட்டு வரும். இடது கை, தோள், கழுத்து, தாடை, முதுகு இவற்றுக்குப் பரவலாம். குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல், தலைசுற்றல் கூட வரலாம். வலி மேல் வயிற்றில் இருந்தால் எல்லோரும் அஜீரணம் என்றே நினைப்பார்கள். ஏப்பம் விட்டதும் சுகமாயிற்று என்பது ஒன்றுக்கும் அத்தாட்சி அல்ல.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும், வயதானவர்களுக்கும், பெண்களுக்கும் நெஞ்சு வலி பெரிதாகத் தெரியாமலே இது வருவதுண்டு. திடீர் அசதி, மூச்சு வாங்கல், முதுகு வலி, இவ்வளவுதான் தெரியும். உப்பளங்களில் வெயிலில் பாடுபடுகிறவர்களில் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருத்தி தலையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தால், "வெயில் மயக்கம், கொஞ்சம் தண்ணியைக் குடி ஆத்தா" என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. வெயில் மயக்கமாகவும் இருக்கலாம். நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகும் தெளியாவிட்டால், அல்லது வியர்வையோடு மூச்சும் முட்டினால், வெயில் மேல் பழி போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

பக்கத்தில் நிற்பவர் செய்ய வேண்டியது

வேலையை உடனே நிறுத்தி, நோயாளியைச் சாய்வாக உட்கார வைக்க வேண்டும். நடக்க விடக் கூடாது; படி ஏறவும் விடக் கூடாது. ஒருவர் 108-க்குப் பேச, மற்றொருவர் நோயாளியை விட்டு நகராமல் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 108 சேவை 2008-ல் வந்தது. எண் தெரியாதவர் கிடையாது. தெரியாமல் போவது இடம்தான்! "உப்பளத்துக்கு வாங்க" என்றால் வண்டிக்காரர் எந்த உப்பளத்துக்கு வருவார்? முள்ளக்காட்டுப் பக்கமும் தருவைக்குளத்துப் பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் பாத்திகள்தான். வரப்புக்கு மேல் வண்டி வராது. நோயாளியைக் கட்டிலிலோ நாற்காலியிலோ வைத்து வண்டி வரும் பாதை வரைக்கும் தூக்கி வர நாலு பேர் வேண்டும். தார் ரோட்டில் நின்று கைகாட்ட ஒருவர் வேண்டும். துறைமுகம், ஆலை போன்ற இடங்களில் வாசல் காவலரிடம் முதலிலேயே சொல்லி வைக்காவிட்டால், வந்த ஆம்புலன்ஸ் கேட்டுக்கு வெளியே நின்று ஊதிக்கொண்டிருக்கும்.

மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்து இரண்டு பேர் அணைத்துக்கொண்டு போகும் வழக்கம் ஆபத்தானது. போகிற வழியில் இதயம் நின்றுவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆஸ்பிரின் மாத்திரை ரத்தம் கட்டுவதைத் தடுக்கும். 1988-ல் வெளியான, 17,000 பேருக்கு மேல் பங்குகொண்ட பெரிய சோதனை ஒன்றில், மாரடைப்புச் சமயத்தில் ஆஸ்பிரின் தொடங்கியதால் இறப்பு ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. ஆனால் அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களும், வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே 108-ல் பேசுகிறவரோ டாக்டரோ சொன்னால், கேட்ட பிறகு, மென்று விழுங்கச் செய்யலாம். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை மட்டும் யாரோ ஒருவருடைய சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது. ரத்த அழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்திருந்தால் அது இன்னும் தாழ்த்திவிடும். பலமாக இருமிக்கொண்டே இருந்தால் பிழைக்கலாம் என்று செல்போனில் சுற்றும் யோசனையை நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இதயமே நின்றுவிட்டால்?

மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. முன்னது சில சமயம் பின்னதில் கொண்டுபோய் விடும். ஆள் விழுந்துவிட்டார், தட்டிக் கூப்பிட்டாலும் அசைவில்லை, மூச்சு ஒழுங்காக வரவில்லை என்றால் இதயம் நின்றதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். இடையிடையே வாயைத் திறந்து இழுப்பது மூச்சு ஆகாது.

மார்பை வெளியிலிருந்தே அழுத்தி ரத்தத்தை ஓட்டலாம் என்று அமெரிக்காவில் பால்டிமோர் நகர ஆராய்ச்சியாளர்கள் 1960-ல் எழுதினார்கள். அதற்கு முன்பு இதற்காக மார்பைக் கிழித்துத் திறக்க வேண்டியிருந்தது! இன்று இரண்டு கையுள்ள எவரும் செய்யலாம். கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்செலும்பின் கீழ்ப் பாதியில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்ளலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. விலா எலும்பு முறிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம், எலும்பு கூடிக்கொள்ளும்.

சும்மா நின்று வேடிக்கை பார்த்தால் ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு வரை போய்க்கொண்டிருக்கும். மின் அதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீண்டும் ஒழுங்காக ஓட வைக்கும் சிறு பெட்டி ஒன்று உண்டு. எங்கே ஒட்ட வேண்டும், எப்போது அழுத்த வேண்டும் என்று அதுவே பேசிச் சொல்லும். அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் வாசல் காவலர்களுக்கு இந்தப் பெட்டியைக் கொடுத்துப் பழக்கினார்கள். 2000-ல் வெளியான கணக்குப்படி, இதயத் துடிப்பு தாறுமாறாகி விழுந்தவர்களில், மூன்று நிமிஷத்துக்குள் அதிர்ச்சி பெற்றவர்கள் நூற்றுக்கு 74 பேர் பிழைத்தார்கள். அதற்கு மேல் தாமதமானவர்களில் 49 பேர்தான். சூதாட்ட விடுதியிலிருந்து கற்றுக்கொள்ளத் தக்க காரியம் அநேகமாக இது ஒன்றுதான் இருக்கும். செய்தவர்கள் டாக்டர்கள் அல்ல, காவலர்கள். தூத்துக்குடியில் காவலர் இல்லாத பெரிய ஆலை எது?

கூலியை யார் கொடுப்பது?

1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே முதலுதவிப் பெட்டி வேண்டும், பயிற்சி பெற்றவரின் பொறுப்பில் அது இருக்க வேண்டும், 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்று விதித்தது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டங்களின்படி, 40 வயது தாண்டிய தொழிலாளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனை செய்ய வேண்டும் என்று மத்திய அரசாங்கம் அறிவித்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் சட்டம் எழுதிய பெட்டியில் பஞ்சும் டிஞ்சரும் மட்டும் இருந்தால் மார்வலிக்காரருக்கு என்ன பிரயோஜனம்? அன்றாடக் கூலிக்கு உப்பு வாருகிறவரை யார் பட்டியலில் சேர்த்துப் பரிசோதிப்பார்கள்?

2024 ஜூலையில் வெள்ளக்கோவிலில் ஒரு பள்ளி வேன் ஓட்டுநர், வண்டி ஓட்டும்போதே மாரடைப்பு வந்தும், வண்டியைப் பத்திரமாக ஓரம் கட்டிவிட்டு உயிரை விட்டார். குழந்தைகள் பிழைத்தன. நாடே அவரைப் பாராட்டியது. பாராட்டத்தான் வேண்டும். சாகும்போதும் வேலையை விடாதவரைப் போற்றுகிற நாம், வலிக்கிறது என்று வேலையை விட்டுப் போகிறவருக்கு அரை நாள் கூலியைப் பிடித்துக்கொள்கிறோம்.

முதலாளிகள் செய்யக்கூடிய மிகச் சிக்கனமான காரியம் ஒன்று உண்டு. நெஞ்சு வலி என்று வேலை நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கும், அவரைக் கூட்டிக்கொண்டு போகிற ஒருவருக்கும் அன்றைய முழுக் கூலி உண்டு, சோதனையில் வெறும் வாயு என்று தெரிந்தாலும் உண்டு என்று அறிவிப்புப் பலகையில் எழுதி மேஸ்திரியும் கணக்கப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். இதை ஏமாற்றப் பயன்படுத்துவார்களே என்று சிலர் கேட்கலாம். ஒரு சிலர் ஏமாற்றத்தான் செய்வார்கள். வருஷத்தில் நாலைந்து நாள் கூலி அப்படிப் போகும். அதே பலகையில், அந்தந்த ஷிப்டில் கூடப் போக வேண்டியவரின் பெயரையும், 108-ல் சொல்ல வேண்டிய இட அடையாளத்தையும், இரவிலும் ஈ.சி.ஜி. எடுக்கும் பக்கத்து ஆஸ்பத்திரி எது என்பதையும் எழுதிவைக்க ஒரு சுண்ணாம்புக் கட்டி போதும்.