தனியே மிதிப்பவரைத் தடுக்க வேண்டாம்

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றுக்காக எங்களிடம் வரும் பெரும்பாலோருக்கு, மருந்துகளோடு உடற்பயிற்சியையும் பரிந்துரைக்கிறோம். அப்போது வாய்மொழியாக இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறோம்: "தனியாகச் செய்தால் சலித்துவிடும், நாலு பேரோடு சேர்ந்து செய்யுங்கள்." முதல் அறிவுரை ஏறத்தாழ எல்லோருக்கும் பொருந்தும். இரண்டாவது சிலருக்குப் பொருந்தாது. பொருந்தாத இடத்தில் அது முதல் அறிவுரையையும் சேர்த்துக் கெடுத்துவிடும். இதை நாங்கள் காலம் தாழ்த்தியே உணர்ந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு ஒருவர் வந்தார். அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியே எழுதுகிறோம். பணி ஓய்வு பெற்றவர். பத்தாண்டு கால நீரிழிவு உடையவர். கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்வார். எங்கள் சொற்படி அவருடைய மகன் அவரைப் பூங்காவில் உள்ள நடைப்பயிற்சிக் குழுவில் சேர்த்தார். மூன்று வாரங்களில் அவர் நின்றுவிட்டார். "அறிவுரையைப் பின்பற்றவில்லை" என்று அவரது மருத்துவக் குறிப்பேட்டில் எழுதினோம். அதன்பின் அவர் வருவதையே நிறுத்திக்கொண்டார். எட்டு மாதம் கழித்து, காலில் ஆறாத புண்ணோடும் மிக உயர்ந்த சர்க்கரையோடும் மகன் அவரை அழைத்து வந்தார்.

புண் ஆறிய பிறகுதான், முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டோம்: "நடப்பதில் என்ன சிரமம்?" அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: "நடப்பது சிரமமில்லை டாக்டர். நடந்து முடிந்தபின் உட்கார்ந்து பேசுவதுதான் சிரமம்." பணியில் இருந்த காலம் முழுவதும் வீட்டிலிருந்து 6 கிலோமீட்டர் தொலைவிலிருந்த அலுவலகத்துக்குச் சைக்கிளில்தான் சென்றாராம். அந்த அரைமணி நேரம்தான் நாள் முழுவதிலும் தமக்கென்று இருந்த நேரம் என்றார். ஓய்வு பெற்றதும், "இந்த வயதில் இன்னும் எதற்குச் சைக்கிள்?" என்று வீட்டார் அதை விற்றுவிட்டனர். அவருக்கு வேண்டிய பயிற்சி அவரிடம் ஏற்கெனவே இருந்தது. அதை வீட்டார் அறியாமல் பறித்தார்கள். நாங்கள் கேளாமல் விட்டோம்.

உள்முக இயல்பு, புறமுக இயல்பு என்னும் பாகுபாட்டை உளவியலில் நிலைநிறுத்தியவர் சுவிட்சர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் கார்ல் யுங். அவரது நூல் 1921இல் வெளிவந்தது. உள்முக இயல்பு நோயன்று. கூச்சமோ செருக்கோ அன்று. கூச்சமுள்ளவர் மனிதரிடம் போக விரும்பியும் அஞ்சுகிறார். உள்முக இயல்பினரோ அச்சமின்றிப் பேசவும் கூடும். ஆனால் பேச்சும் கூட்டமும் அவரை விரைவில் களைப்படையச் செய்கின்றன. தனிமையில்தான் அவர் இழந்த தெம்பை மீட்டுக்கொள்கிறார். இத்தகையவருக்குக் குழுப் பயிற்சி என்பது ஒரே நேரத்தில் இரண்டு வேலை. உடலும் உழைக்க வேண்டும், மனமும் உழைக்க வேண்டும். இரண்டாவது உழைப்பு தாங்காமல் முதலாவதையும் கைவிடுகிறார். நாம் அதைச் சோம்பல் என்கிறோம்.

தனியே மிதிவண்டி ஓட்டுவது இவர்களுக்கு ஏன் ஏற்றதாகிறது? பூங்காவில் நடப்பவரை யாரும் நிறுத்திப் பேசலாம். மிதிவண்டியில் செல்பவரை அவ்வாறு நிறுத்துவதில்லை. ஒரு தலையசைப்பு போதும். அதில் மரியாதைக் குறைவும் இல்லை. வழியும் வேகமும் திரும்பும் நேரமும் அவர் விருப்பப்படியே அமைகின்றன. சாலையையும் சமநிலையையும் கவனித்தாக வேண்டியிருப்பதால், வீட்டில் தனித்திருக்கும்போது சுற்றிச் சுற்றி வரும் கவலைகளுக்கு இடம் குறைகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் வீடுகளில் ஒருவர் அறையில் தனியே அமர்ந்திருந்தால், "என்ன ஆயிற்று? உடம்பு சரியில்லையா?" என்று அடுத்தடுத்துக் கேட்போம். மிதிவண்டியை எடுத்துக்கொண்டு வெளியே செல்பவரை அவ்வாறு யாரும் கேட்பதில்லை. விளக்கம் சொல்ல வேண்டாத தனிமை அவருக்குக் கிடைக்கிறது.

உடலுக்கு நேரும் நன்மையும் குறைந்ததன்று. உடல் எடையின் பெரும்பகுதியை இருக்கை தாங்குவதால், நடையையும் ஓட்டத்தையும்விட மூட்டுகளுக்குச் சுமை குறைவு. தொடைத் தசைகள் இயங்கும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்துகின்றன. இன்சுலின் செயல்படும் திறனும் கூடுகிறது. வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு மேற்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. சமதளச் சாலையில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் அரைமணி நேரம் மிதித்தால் 6 கிலோமீட்டர். வாரத்தில் ஐந்து நாள் சென்றால் 150 நிமிடங்கள் நிறைவடைகின்றன. அந்தப் பெரியவர் அலுவலகத்துக்குச் சென்று திரும்பியபோது, ஒரு வழிப் பயணத்திலேயே இந்த அளவை எட்டிவந்தார்.

"தனிமை உடல்நலத்துக்குக் கேடு என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள்?" என்று குடும்பத்தார் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆதரவற்ற தனிமை கேடுதான். ஆனால் ஒருவர் தாமே தேர்ந்துகொள்ளும் அரைமணித் தனிமை வேறு. யாருமில்லையே என்று ஏங்கும் தனிமை வேறு. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. மிதித்துவிட்டுத் திரும்புபவரின் முகத்தைப் பாருங்கள். தெளிவோடு வந்து, காப்பியைக் குடித்துவிட்டு, இயல்பாக வீட்டு வேலைகளில் கலந்துகொள்கிறாரா? அவர் நலமாக இருக்கிறார். அதற்கு மாறாக, விருப்பமான சைக்கிளையே தொடாமல், உறக்கமும் பசியும் மாறி, எதிலும் நாட்டமின்றி இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அது இயல்பன்று. மனச்சோர்வு நோயாக இருக்கலாம். உடனே அழைத்து வாருங்கள்.

நோயாளரைக் கவனித்துக்கொள்வோருக்கும் இது பொருந்தும், குறிப்பாகப் பெண்களுக்கு. இரவும் பகலும் படுக்கை அருகிலேயே இருந்து, வந்து விசாரிக்கும் உறவினர் ஒவ்வொருவருக்கும் விடை சொல்லிச் சொல்லிக் களைத்த மனைவியரையும் மகள்களையும் நாள்தோறும் பார்க்கிறோம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பிறர் துணைக்குக் காத்திராமல் வெளியே சென்று வரும் உரிமையை அது அவர்களுக்குத் தந்தது. அந்த உரிமை இன்றும் தேவைப்படுகிறது. அரைமணி நேரம் நோயாளரை வேறொருவர் பார்த்துக்கொண்டால், அவரும் வெளிக்காற்றில் தனியே சென்று வரலாம். அது கடமையிலிருந்து தப்புவதாகாது.

தனியே செல்வதற்குச் சில கட்டுப்பாடுகள் இன்றியமையாதவை. அண்மையில் மாரடைப்போ இதய அறுவை சிகிச்சையோ நிகழ்ந்தவர்கள், வலிப்பு, தலைச்சுற்றல் உள்ளவர்கள், அடிக்கடி சர்க்கரைத் தாழ்நிலை ஏற்படுபவர்கள், நீரிழிவால் விழித்திரையில் இரத்தக்கசிவு உள்ளவர்கள், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் சாலையில் இறங்கக் கூடாது. இவர்களில் பலருக்கு, மருத்துவர் ஒப்புதலுடன், வீட்டிலேயே நிலையாக நிற்கும் பயிற்சிச் சைக்கிள் பொருந்தும். அதுவும் தனிமையைத் தரும். இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரைகளோ எடுப்பவர்கள், புறப்படுமுன் சர்க்கரையைச் சோதித்து, 100க்குக் கீழ் இருந்தால் சிறிது உண்டபின் செல்லட்டும். சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். கால்களில் மரத்துப்போன உணர்வு உள்ளவர்கள் மூடிய காலணி அணிந்து, திரும்பியதும் பாதங்களைப் பார்க்க வேண்டும். தலைக்கவசம், வெளிர்நிற உடை, பின்விளக்கு ஆகியவை எல்லோருக்கும் தேவை. காதில் பாட்டுக் கேட்கும் கருவி வேண்டாம். நெஞ்சில் இறுக்கமோ அளவு மீறிய மூச்சுத்திணறலோ தோன்றினால் அங்கேயே இறங்கி உதவி கேட்க வேண்டும்.

செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். குடும்பத்தாரும் அந்த நேரம் வரை பொறுத்திருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசியில் அழைத்தால், சாலையில் அது ஆபத்து. அவர் தேடிச்சென்ற அமைதியும் கெட்டுவிடும்.

நாங்கள் குறிப்பிட்ட பெரியவர், புண் முழுவதும் ஆறிக் காலணியும் சரிபார்க்கப்பட்ட பிறகு, மகன் வாங்கிக் கொடுத்த சைக்கிளில் காலை ஏழு மணிக்கு முன் ஏரிக்கரை வரை சென்று வருகிறார். அவருடைய சர்க்கரை கட்டுக்குள் வந்துள்ளது. மருந்தையும் மாற்றினோம், ஆகவே முழுப் பெருமையையும் சைக்கிளுக்குக் கொடுக்க இயலாது. ஆனால் அவர் பயிற்சியை நிறுத்தவில்லை. எங்களிடம் வருவதையும் நிறுத்தவில்லை.

குழுவோடு நடப்பதில் மகிழ்ச்சி காண்பவர்கள் அவ்வாறே தொடருங்கள். அது இயலாதவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அடுத்த முறை வரும்போது, "எனக்குத் தனியாகச் செய்வதுதான் பிடிக்கும்" என்று எங்களிடம் சொல்லுங்கள். நீங்கள் சொல்லத் தயங்கினாலும் கேட்க வேண்டியது எங்கள் கடமை. "பின்பற்றவில்லை" என்று குறிப்பேட்டில் எழுதுமுன், "ஏன்?" என்று ஒருமுறை கேட்பதை நாங்கள் இப்போது வழக்கமாக்கிக் கொண்டிருக்கிறோம்.