ஒப்புமை உறவாகுமா?

ஃபின்னியமும் மங்கோலியமும் ஒருதாய் வயிற்று மக்கள் என்று மாணவர்க்கு உரைப்பார் இன்னும் உளர். 1852இல் மறைந்த காஸ்திரேன் போன்றோர் வளர்த்த ஊரல்-அல்த்தாய்க் கொள்கையின் எச்சம் இது. அவர்கள் காட்டும் சான்றுதான் யாது? இரண்டும் ஒட்டுநிலை மொழிகளாம். இரண்டிலும் சொல்லின் உயிருக்கு இசைய உருபின் உயிரும் மாறுமாம். உண்மையே, மறுப்பாரில்லை. ஆயின், ஒட்டுநிலையே உறவுக்குச் சான்றென்றால் ஜப்பானியமும், ஏன், நம் தமிழுமே அக்குடும்பத்துள் நுழைந்துவிடுமே! (திராவிடத்தின் தனித்தன்மையை நிலைநாட்டிய கால்டுவெல்லே 1856இல் அதனைச் சிதியக் குழுவோடு இணைக்க முற்பட்டார்.)

உறவை அறுதியிடுவது அடிப்படைச் சொற்களில் முறைபிறழாது வரும் ஒலித்தொடர்பே. மீனை ஃபின்னியர் 'கலா' என்பர். அவர்தம் மொழிக்கு உண்மை உறவான ஹங்கேரியத்தில் அது 'ஹல்'. மூன்று என்னும் எண் அங்கே 'கொல்மே', இங்கே 'ஹாரொம்'. அங்குள்ள ககரம் இங்கே ஹகரமாதல் காண்க. மங்கோலியமோ 'ஸகஸ்' என்றும் 'குரவ்' என்றும் வேறுவழி செல்கிறது. 'நான்' எனப் பொருள்படும் ஃபின்னிய 'மினா'வையும், 'என்' எனப் பொருள்படும் மங்கோலிய 'மினீ'யையும் ஓயாது எடுத்துக்காட்டுவோர் இந்த மீனுக்கு என்ன விடை வைத்திருக்கின்றனர்?